பூட்டன் வந்த ஊர் எது?

சென்ற வருடம் ஒருநாள் எங்கள் வீட்டுப் பெண்களின் பத்திரங்களையெல்லாம் எடுத்துப் பாயில் பரப்பி வைத்தேன். என்னுடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் இனம் என்ற இடத்தில் ‘இலங்கைத் தமிழர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. அம்மாவினுடையதில் ‘இந்தியத் தமிழர்’ என்று இருக்கிறது. பெரியம்மாவுக்கோ பத்திரமே இல்லை. ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டு வாழ்ந்த மூன்று பெண்களுக்கு மூன்று விதமான பதில்கள்.

அம்மாவின் பத்திரம் தப்பியதே ஒரு கதை. 2009 ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து ஓடியபோது அதைச் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். மற்றவையெல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டி எந்தப் பதுங்குகுழியோடு போனது என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. இதை வாசிக்கும் சகோதரிகள் பலருக்கும் இப்படியொரு பெட்டியின் நினைவு இருக்கும்.

பத்திரங்களைப் பரப்பி வைக்க வேண்டி வந்தது பெரியம்மாவின் காணிக்காகத்தான். அவர் மாத்தளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் லயத்தை விட்டுத் துரத்தப்பட்டு, தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவர். கிளிநொச்சியில் காடு வெட்டி, கிணறு தோண்டி, வாழையும் கத்தரியும் வைத்து உருவாக்கிய அரை ஏக்கர் காணியில்தான் இன்றும் இருக்கிறார். மகனை 2009 இல் பறிகொடுத்தார். மகன் விட்டுச் சென்ற பெண்பிள்ளையை வளர்க்கிறார். அந்தப் பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. “எனக்குப் பொறகு இந்த மண்ணு அவ பேருக்கு இருக்கணும்” என்பதே பெரியம்மாவின் ஒரே ஆசை. அதற்குக் காணி அனுமதிப் பத்திரம் வேண்டும்.

விண்ணப்பத்தைக் கொண்டுபோன அலுவலகமொன்றில் ஓர் உத்தியோகத்தர் கேட்டார்: “அம்மா, நீங்கள் தோட்டத்தில பிறந்தனீங்கள் எண்டு இருக்கு. உங்கட ஆக்கள் இந்தியாவில எந்த இடம்? எப்ப வந்தவை? பிரஜாவுரிமைப் பத்திரம் இருக்கோ?”

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. ஆனால் பெரியம்மாவின் வாயிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அடையாள அட்டையை மட்டும் திரும்பத் திரும்ப நீட்டினார். வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் பேசினார்.

“அறுபத்தேழு வருசம் இந்த நாட்டுலதானே கெடக்குறோம். இப்ப வந்து எந்த நாட்டு ஆளுன்னு கேக்குறாங்க. நீதான் படிச்ச புள்ளையாச்சே, நாம எந்த ஊருன்னு சொல்லேன்.”

எனக்கும் பதில் தெரியவில்லை. சமூகவியல் படித்த காலத்தில் புலப்பெயர்வு பற்றிக் கட்டுரை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான். சமூகப் பணியாளராக எத்தனையோ பெண்களுக்கு விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் என் பூட்டன் எங்கிருந்து வந்தார் என்று என் வீட்டில் நான் ஒருநாளும் கேட்டதில்லை.

வீட்டுக்குள்ளே மூன்று கதைகள்

முதலில் வீட்டாரிடமே விசாரித்தேன். அம்மாவின் தகப்பனாரை நாங்கள் தாத்தா என்போம். அவருடைய தகப்பன்தான் வெளியிலிருந்து வந்த பூட்டன். அவர் ஊர் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது.

அம்மா சொன்னார், “திருச்சிப் பக்கம்” என்று. தாத்தா அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறாராம். வவுனியாவில் இருக்கும் மாமா, “இல்லை, மண்டபம்தான் எங்கட ஊர். பழைய கடுதாசியில நானே பார்த்தனான்” என்று அடித்துச் சொன்னார். பெரியம்மா, “புதுக்கோட்டைன்னு அப்பாயி சொல்லும்” என்றார். அப்பாயி என்று அவர் சொன்னது தாத்தாவின் தாயை, அதாவது எனக்குப் பூட்டியை.

எங்கள் குடும்பத்தில் தகப்பனின் தாயை அப்பாயி என்றும் தாயின் தாயை அம்மாயி என்றும் அழைப்போம். அயல் வீடுகளில் அப்பம்மா, அம்மம்மா என்பார்கள். சிறுவயதில் இதற்காகப் பள்ளிக்கூடத்தில் கேலிக்கும் ஆளாகியிருக்கிறேன். திருச்சி, புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களில் இன்றும் வழங்கும் முறைப்பெயர்கள் இவை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பத்திரம் இல்லாத வீட்டிலும் வாயில் வழங்கும் சொல் ஒரு சாட்சியாக இருக்கிறது. ஆனால் அலுவலகத்தில் அதைக் கொடுக்க முடியாது அல்லவா?

தந்தை வழியைக் கேட்ட சட்டம்

பூட்டன் எங்கிருந்து வந்தார் என்பது ஏன் இத்தனை பெரிய விடயமாயிற்று என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போகவேண்டும்.

1820களில் மலைநாட்டில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலத்திலிருந்தே தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1869 இல் கோப்பி இலைகளில் நோய் கண்டு, பின்னர் அந்தத் தோட்டங்கள் தேயிலைக்கு மாறியபோது ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கக் கைகள் தேவைப்பட்டன. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தனர். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தமிழர் இரண்டாகப் பிரித்து எழுதப்பட்டனர்.

சுதந்திரம் கிடைத்த ஆண்டிலேயே வந்தது 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும் என்றது அது. எங்கள் தாத்தா 1932 இல் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஆனால் அவருடைய தகப்பன் கடல் கடந்து வந்தவர். ஆகவே பிறந்த மண்ணிலேயே தாத்தா பிரஜை இல்லை.

சகோதரிகளே, உங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். எங்கள் தலைமுறையினரின் பத்திரங்களில் தகப்பன், தாய் விபரங்களுக்குக் கீழே, பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவர் விபரம், அதற்குக் கீழே பூட்டனார் விபரம் என்று கூடுகள் இருக்கும். பலருடைய பத்திரங்களில் அங்கே வெறும் கோடு மட்டும் போடப்பட்டிருக்கும். அந்தக் கூடுகள் 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல். பாட்டிக்கும் பூட்டிக்கும் அங்கே ஒரு கூடும் இல்லை. திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் வழியாகவும் பிரஜாவுரிமை கிடைக்கலாம் என்ற நிலை 2003 ஆம் ஆண்டின் திருத்தத்தோடுதான் வந்தது.

கூடலூரிலிருந்து வந்த படங்கள்

எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை இந்தியாவில் இருக்கிறது. 1964 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் எனக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தார்கள். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். இந்தப் பிரிப்பில் எத்தனை வீடுகள் இரண்டாயின என்பதை யாரும் கணக்கெடுக்கவில்லை. தாத்தா இங்கே இருப்பதென்று விண்ணப்பித்தார். அவருடைய தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். 1973 இல் கோச்சியேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனார். அண்ணனும் தம்பியும் அதன்பிறகு நேரில் சந்திக்கவேயில்லை.

சின்னத் தாத்தாவின் பிள்ளைகள் இப்போது நீலகிரி மாவட்டத்தில் கூடலூரில் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாட்டு அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்கள் அங்கே உண்டு. உறவினர் ஒருவர் மூலம் அந்த வீட்டு மாமாவின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது. பேசிய முதல் நாளே ஒன்று சொன்னார்:

“நீங்க அங்க இந்தியாக்காரன்னு பேரு வாங்குறீங்க. எங்களை இங்க சிலோன்காரன்னுதாம்மா சொல்றாங்க.”

இரண்டு கரையிலும் மற்றக் கரையின் பெயர்!

சின்னத் தாத்தா பழைய கடதாசிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுப் பாதுகாத்திருந்தார். எங்கள் தகரப் பெட்டி தொலைந்துபோனாலும் கடலுக்கு அப்பால் இன்னொரு டின் இருந்திருக்கிறது. மாமா ஒவ்வொன்றாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினார். அவற்றுள் மூன்று முக்கியமானவை. பூட்டன் 1951 இல் பிரஜாவுரிமைக்குக் கொடுத்த விண்ணப்பத்தின் பிரதியில் ஊர், ‘புதுக்கோட்டை சமஸ்தானம், திருமயம் தாலுகா’ என்று இருந்தது. சின்னத் தாத்தா 1972 இல் எடுத்த இந்தியக் கடவுச்சீட்டில் ‘திருச்சிராப்பள்ளி மாவட்டம்’ என்று இருந்தது. கப்பலால் இறங்கியபின் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையில் ‘மண்டபம்’ என்று முத்திரை இருந்தது.

அம்மா, மாமா, பெரியம்மா மூவர் சொன்ன கதைக்கும் ஒவ்வொரு கடதாசி கிடைத்துவிட்டது. குழப்பம் தீருவதற்குப் பதிலாகக் கூடியது போலத்தான் இருந்தது.

ஒரே ஊருக்கு மூன்று விலாசம்

கடதாசியில் உள்ளதைப் படிப்பதற்கு முன்பு, அது யாரால், எதற்காக, எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்த இந்தப் பாடம் இங்கேதான் எனக்குக் கைகொடுத்தது.

மண்டபம் என்பது பாம்பன் பாலத்துக்கு இப்பால், இந்தியத் தரைக்கரையில் இருக்கும் இடம். இலங்கைக்கு வரும் தொழிலாளர்களைச் சில நாட்கள் மறித்து வைத்து, அம்மைப்பால் குத்தி, நோய் இல்லையென்று கண்டபின் தனுஷ்கோடிக்கு அனுப்பும் முகாமை இலங்கை அரசாங்கம் அங்கே நடத்தியது. 1964 ஒப்பந்தத்தின்பின் திரும்பிப் போனவர்களையும் அதே மண்டபத்தில்தான் பதிவு செய்தார்கள். 1983 க்குப் பிறகு இங்கிருந்து அகதியாகப் போனவர்கள் தங்கியதும் அங்கேதான். ஆக, மண்டபம் எங்கள் ஊரல்ல. பூட்டன் போகும்போதும் மகன் திரும்பும்போதும் கடந்த வாசல். செட்டிகுளத்து முகாம் அட்டையை வைத்துக்கொண்டு நாளை ஒரு பேரப்பிள்ளை எங்கள் சொந்த ஊர் செட்டிகுளம் என்று நினைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் மாமா நினைத்திருக்கிறார்.

இனித் திருச்சியும் புதுக்கோட்டையும். பூட்டன் வந்தது 1919 இல் என்று விண்ணப்பம் சொல்கிறது. அந்த நாளில் புதுக்கோட்டை பிரித்தானிய இந்தியாவின் மாவட்டமல்ல. தொண்டைமான் அரசர்களின் தனிச் சமஸ்தானம். ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்று மூன்று தாலுகாக்கள் அதற்கு இருந்தன. இந்தியா சுதந்திரம் பெற்றபின், 1948 ஆம் ஆண்டு மார்ச் மாதம் சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. 1974 ஜனவரியில் மறுபடியும் பிரிந்து புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆகவே 1951 இல் பூட்டன் தாம் விட்டுவந்த சமஸ்தானத்தின் பெயரைச் சொன்னார். 1972 இல் அவர் மகனுடைய கடவுச்சீட்டை எழுதியவர் அன்றைய மாவட்டத்தின் பெயரைப் போட்டார். இரண்டும் பொய்யல்ல. கிராமம் இருந்த இடத்திலேயே இருந்தது. அதன்மேல் எழுதப்பட்ட பெயர்தான் மாறியது.

எனக்கு இன்னுமொரு சந்தேகம் இருந்தது. தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய இலங்கைத் தொழிலாளர் ஆணையகத்தின் தலைமை அலுவலகம் 1904 முதல் திருச்சியில்தான் இருந்தது. அங்கே பதிந்ததால்தான் திருச்சி என்ற பேச்சே வந்ததோ? திருமயம் என்பதும் யாராவது எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதியதோ? பெயர்களையே அவர்கள் மாற்றிவிடுவார்கள். கறுப்பன் கருப்பையாவாகவும், மீனாட்சி மீனாவாகவும் பதிவில் ஏறிய வீடுகள் எத்தனையோ உண்டு.

இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது கடதாசி அல்ல. ஒருநாள் பின்னேரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம், “அப்பாயி ஊரைப் பற்றி வேறென்ன சொல்லுவா?” என்று சும்மா கேட்டேன்.

“என்னா சொல்லும்... மழை பெய்யிற நாள்ல வேலைக்குப் போகாம லயத்துல இருக்கையில கதை சொல்லும். பாறை மேல கோட்டையாம். ஊமையன் கோட்டையாம். கோட்டைக்குக் கீழ குகைக்குள்ள பெருமாள் படுத்திருப்பாராம். சின்னதுல அங்கதான் ஆடு மேய்ச்சிச்சாம்.”

நான் கீரையைக் கீழே வைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் தேடினேன். திருமயத்தில் பாறைக் குன்றின்மேல் பழைய கோட்டை இருக்கிறது. ஊரார் அதை ஊமையன் கோட்டை என்றுதான் சொல்கிறார்கள். குன்றின் அடியில் குடைவரைக் கோயிலில் பள்ளிகொண்ட பெருமாள் இருக்கிறார். படத்தைக் காட்டியதும் பெரியம்மா கண்ணாடியைத் துடைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கிழவி சொன்னது நெசந்தான்” என்றார்.

எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் மழைநாளில் பேத்திக்குச் சொன்ன கதை, மூன்று அரசாங்கக் கடதாசிகளின் வழக்கைத் தீர்த்து வைத்தது.

விண்ணப்பத்துக்குள் இருந்த பெண்

1951 ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு மறுபடியும் வருகிறேன். 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டது அது. மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இங்கு தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கே அந்தச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கிடைத்தது.

பூட்டனின் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. தாயின் சாவுக்கு 1943 இல் ஊருக்குப் போனவர், காய்ச்சலில் விழுந்து, 14 மாதம் கழித்தே திரும்பியிருக்கிறார். அந்த இரண்டு மாதம் கூடியதால் வாழ்ந்த வருடங்கள் எல்லாம் கணக்கில் இல்லாமல் போயின.

அந்த 14 மாதமும் பூட்டி எங்கே இருந்தார்? தோட்டத்தில்தான். தாத்தாவையும் சின்னத் தாத்தாவையும் லயத்தில் விட்டுவிட்டு, விடியப் பெரட்டுக்குப் போய், ஒருநாள் தவறாமல் கொழுந்து பறித்திருக்கிறார். அவருடைய வதிவு அறவேயில்லை. ஆனால் அவருக்கென்று தனி விண்ணப்பம் எங்கள் குடும்பத்தில் யாரும் கொடுக்கவில்லை. கணவருடைய விண்ணப்பத்துக்குள்ளே ஒரு வரியாக இருந்தார். கணவரின் வழக்குத் தோற்றபோது அவருடையதும் சேர்ந்தே தோற்றது.

அந்த ஒரு வரியில்தான் அவருடைய பெயர் இருந்தது. இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியாது. பெரியம்மாவுக்கு அப்பாயி, லயத்தாருக்குக் கிழவி, செக்ரோலில் ஓர் இலக்கம். உணவுப் பஞ்சம் தோட்டங்களை வாட்டிய 1974 இல் இறந்துபோனார். நான் கைத்தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் பெயரை வாசித்தபோது பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, “அம்புட்டு அழகான பேரா அதுக்கு!” என்றார். பெயரை இங்கே எழுதலாமா என்று கேட்டேன். “வேணாம் புள்ள, இப்பதான் கெடச்சிருக்கு. கொஞ்ச நாள் வீட்டுக்குள்ள இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். அதனால் எழுதவில்லை.

பெரியம்மாவின் பத்திரம்

பூட்டனின் ஊரைக் கண்டுபிடித்தது எங்கள் மனதுக்கு. காணிக்குத் தேவைப்பட்டது வேறு. அதையும் சொல்லவேண்டும்.

2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டப்படி, 1964 ஒக்ரோபர் 30 ஆம் திகதியிலிருந்து இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும், இங்கு வாழும் அவர்களுடைய சந்ததியினரும் இலங்கைப் பிரஜைகள். பூட்டன் எந்த ஊர், எந்தச் சமஸ்தானம் என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. வம்சாவளியினர் இங்கே வாழ்ந்தார்கள் என்பதையே கேட்கிறது. அலுவலகத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி பழைய சட்டத்தின் கேள்வி. அது பழக்கத்தில் இன்னும் சிலருடைய வாயில் இருக்கிறது. இதை நாங்கள் தெரிந்து வைத்திருந்தால் அன்றைக்கே பணிவாகச் சொல்லியிருக்கலாம்.

அடுத்து, பெரியம்மா 1964 இல் இங்கே இருந்ததைக் காட்டப் பிறப்புப் பதிவைத் தேடினோம். அம்மாவின் பத்திரத்தில் பதிவுப் பிரிவின் பெயர் இருந்தது. இருவரும் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் என்பதால் அதே பிரிவுக்குரிய பிரதேச செயலகத்தில், தகப்பன் பெயரைக் கொடுத்து, சில ஆண்டுகளின் பதிவைத் தேடும்படி விண்ணப்பித்தோம். முதல் முறை கிடைக்கவில்லை. பெரியம்மாவின் பெயரை வேறு எழுத்துக் கூட்டலில் கொடுத்தபோது கிடைத்தது. பெரியம்மா நினைத்திருந்ததைவிட ஒரு வருடம் முந்திய திகதி! “அப்ப எனக்கு இன்னும் வயசு கூடிருச்சா?” என்று சிரித்தார். அந்தப் பத்திரத்தில் பாட்டனாருக்குரிய கூட்டில் ஒரு கோடு போடப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்பது இப்போது எங்களுக்குத் தெரியும்.

இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடித்து, பத்திரங்களை ஒப்படைத்தோம். காணிக் கச்சேரிக்குரிய பட்டியலில் பெரியம்மாவின் பெயர் சேர்க்கப்பட்டிருக்கிறது. அனுமதிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை. வரும் என்று காத்திருக்கிறோம்.

நீங்கள் செய்யக்கூடியவை

தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமல்ல, போரில் வீட்டையும் பெட்டியையும் இழந்த எல்லாச் சகோதரிகளுக்கும் இவை பயன்படலாம் என்று எண்ணுகிறேன்.

1. வீட்டில் உள்ள வயதான பெண்களிடம் இன்றே பேசுங்கள். ‘ஊர் எது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். கோயில், குளம், பள்ளிக்கூடம், தண்ணீர் அள்ளிய கிணறு, கேட்ட கதை என்று கேளுங்கள். ஊரின் பெயரை மறந்தவர்களும் கிணற்றை மறப்பதில்லை.

2. கேட்டதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதுங்கள். யார் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். முரணான கதைகளை வெட்டாமல் இரண்டையும் எழுதி வையுங்கள்.

3. ஒரு பத்திரம் கிடைத்தால், அது எந்த ஆண்டில், எந்த அலுவலகத்தில், எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பாருங்கள். முகாமின் பெயரும் பதிவு செய்த இடத்தின் பெயரும் சொந்த ஊராகிவிடாது.

4. பெயரைப் பல எழுத்துக் கூட்டல்களில் தேடுங்கள். சகோதரர்களின் பத்திரங்களில் உள்ள பதிவுப் பிரிவும் தகப்பன் பெயரும் வழிகாட்டும்.

5. பிரிந்துபோன உறவினர்களிடம் விசாரியுங்கள். உங்களிடம் தொலைந்த கடதாசியின் பிரதி அவர்களிடம் இருக்கக்கூடும்.

6. கிடைத்தவற்றைப் போட்டோப் பிரதி எடுத்து, ஒன்றை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்து நாங்கள் பட்டது போதும்.

7. உங்கள் தாய், பாட்டி, பூட்டியின் பெயர்களை எழுதி வையுங்கள். பத்திரங்களில் அவர்களுக்கு இடம் இல்லாமல் இருந்திருக்கலாம். நம் கொப்பியில் இடம் இருக்கிறது.

சென்ற மாதம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய பேத்தி பாடசாலைக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் குடும்ப மரம் வரைந்திருந்தாள். உச்சியில் பூட்டனின் பெயர், பக்கத்தில் பூட்டியின் பெயர். இடம் என்பதற்கு எதிரே, ‘திருமயம்’ என்று எழுதிப் பின் அடைப்புக்குறிக்குள் ‘ஊமையன் கோட்டை’ என்றும் எழுதியிருந்தாள். தன் பெயருக்கு எதிரே ‘கிளிநொச்சி’ என்று எழுதியிருந்தாள்.

“அப்ப நாம எந்த நாட்டு ஆளு?” என்று பெரியம்மா அவளிடமும் கேட்டார்.

“அப்பாயி, பூட்டன் வந்த ஊர் அது. நாங்கள் இருக்கிற ஊர் இது. இதில என்ன குழப்பம்?” என்றாள் அவள், பென்சிலைச் சீவிக்கொண்டே.

பெரியம்மா தலையை ஆட்டினார். பிறகு வாழைக்குத் தண்ணீர் கட்ட எழுந்து போனார்.